ஒருத்தி மட்டும் துப்பிய ஊறுகாய்

எகோன் லாங்கே வேலிக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தபோதே விஷயம் பெரிது என்று ஆல்மா ரீடலுக்குத் தெரிந்துவிட்டது. எகோன் தன் சொந்தக் குடிலின் கதவைக்கூடத் தட்டிவிட்டுத் திறக்கிற மனிதர். உள்ளே மனைவி உடை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்ற காலத்துப் பழக்கம் அது. மனைவி ஹெடி போய்ச் சேர்ந்து இரண்டரை வருடமாகியும் தட்டுவதை விடவில்லை.

கையில் கொண்டுவந்த கண்ணாடி ஜாடியை மேசைமேல் வைத்தார். வெள்ளரிபோல் நீண்ட பூசணி வகையான சுக்கினியின் துண்டுகள், கடுகு, வெங்காயம், மஞ்சள் நிறச் சாறு. நகரத்தவர்கள் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் போடும் எங்கள் 'காலை வெயில்' காலனியில் அந்த ஜாடியைத் தெரியாதவர் கிடையாது. லைப்சிக் நகரத்துக்கே தெரியும் என்று எகோன் சொல்வார். அது கொஞ்சம் அதிகம்.

"ஹெடி பேரைச் சொல்லித்தான் எல்லாரும் சாப்பிட்டாங்க, ஆல்மா. இப்ப அவ பேரைச் சொல்லித்தான் திட்டுறாங்க. 'ஹெடியோட விஷம்'னு குழந்தைங்ககூட சொல்லுது. அவ செஞ்சதுல ஒரு குறையும் இல்லன்னு நீதான் நிரூபிக்கணும்."

ஆல்மா நகராட்சி உணவுப் பரிசோதனை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவசரப்பட்டு எதையும் சொல்ல மாட்டாள். அதனாலேயே எங்களில் பலருக்கு அவளைப் பிடிக்காது. அவசரப்படும் வேலையை அவளுக்காகச் செய்து தருபவன் தபால்காரன் மிர்கோ. கடிதத்தைவிடச் செய்தியை வேகமாகக் கொண்டுசேர்ப்பவன். அன்றும் அவளுடைய திராட்சைக் கொடிக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு பழம் தின்றுகொண்டிருந்தான்.

"இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்றான். "பக்கத்துத் தோட்டத்து யானாதான். தெருவுக்கே தெரியும்."

தெருவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கோடை விழாவில் எகோனின் ஊறுகாயை வறுத்த தொத்திறைச்சியோடு தின்ற எல்லோரும் அன்று சாயங்காலமே கழிவறை வாசலில் வரிசை கட்டினார்கள். எங்கள் காலனி எர்னா மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். சங்கத் தலைவர் வில்ஃப்ரீட் பாப்ஸ்ட், வயிற்றைப் பிடித்துக்கொண்டே பலகையில் அறிவிப்பு ஒட்டினார்: வீட்டில் செய்த எதையும் திறக்க வேண்டாம், விழாவில் வாங்கியவை எல்லாவற்றையும் சங்கக் கட்டடத்தில் ஒப்படைக்கவும். பாவம், ஒரு குற்றமும் செய்யாத பிளம் ஜாமும் ருபார்ப் தண்டுப் பானகமும் அடுக்கடுக்காகத் திரும்பி வந்தன. தலைவர் காய்ச்சிய செர்ரி மதுவை மட்டும் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

நகராட்சியிலிருந்து வந்து ஒரு ஜாடியை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். யாரும் எதையும் கலக்கவில்லை. காய்க்குள்ளேயே ஊறிய கசப்பு நஞ்சு. பேய்ச்சுரையில் இருப்பது போன்றது. கொதிக்கவைத்தாலும் வினிகரில் போட்டாலும் முறியாது என்று சொன்னார்கள். அவ்வளவு போதாதா? காலனி மொத்தமும் தலையைத் திருப்பி யானாவின் தோட்ட வளைவைப் பார்த்தது. அங்கே அழகுக்கு மட்டும் வளர்க்கும் கசப்புச் சுரைகள், சுக்கினியின் சொந்தங்கள், தொங்கிக்கொண்டிருந்தன. வளைவுக்கும் எகோனின் சுக்கினிப் பாத்திக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி, நூறு தேனீக்கள். மறுநாள் பொதுக்கூட்டம். யானாவின் குத்தகையை ரத்து செய்ய ஓட்டெடுப்பு.

"யானாதான்னு நீயும் நினைக்கிறியா, எகோன்?" என்று ஆல்மா கேட்டாள்.

"ஊரே சொல்லுதே. ஆனா நீ சொன்னாதான் நம்புவேன்."

ஆல்மா தொப்பியை எடுத்துக்கொண்டாள்.

யானா வளைவின் கீழ் நின்று மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரி, மருத்துவமனையில் இரவுப் பணி, வாய் மட்டும் எந்நேரமும் பணியில் இருக்கும்.

"வாங்க, வாங்க. கொலைகாரியைப் பாக்க டிக்கெட் எதுவும் கிடையாது, இலவசம்தான்."

"உனக்கு வயித்துவலி வரலையா?" என்றாள் ஆல்மா.

"நான்தான் துப்பிட்டேனே. எல்லாரும் பாத்தாங்க. தலைவர் பேசிக்கிட்டிருக்கும்போது அவர் செருப்புப் பக்கத்துலயே துப்பினேன்."

மிர்கோ ஆல்மாவின் காதருகே வந்தான். "கேட்டீங்களா? ஒருத்திக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. முன்னாடியே தெரிஞ்சிருக்கு!"

"ஏன் துப்பினே?" என்று ஆல்மா யானாவிடம் கேட்டாள்.

"கசந்துச்சு. காய்ச்சல் மாத்திரையைக் கடிச்ச மாதிரி. கசந்தா துப்ப மாட்டாங்களா, என்ன?"

"மத்தவங்க யாரும் துப்பலையே."

"அதைத்தான் நானும் கேக்குறேன்! இந்த ஊர்ல யாருக்கும் நாக்கே இல்லையா?"

ஆல்மா ஒரு சுரையைக் கையில் தாங்கிப் பார்த்தாள். பச்சையாக, ஈரக் கனத்தோடு, இன்னும் முற்றாமல் இருந்தது. பக்கத்திலேயே பூக்கள்.

"இந்தத் தோட்டம் உன் கைக்கு எப்ப வந்தது?"

"இந்த மார்ச்ல. அப்ப இங்க முள்ளுப்புதரும் ஒரு உடைஞ்ச குளியல்தொட்டியும்தான் இருந்துச்சு. நானே சுத்தம் பண்ணினேன்." குரல் சற்றே இறங்கியது. "நான் குடியிருக்கிற வீட்டுல ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர். நாலு வருஷம் காத்திருந்து கிடைச்ச மண்ணு இது. நாளைக்குப் புடுங்கிடுவாங்க, இல்ல?"

ஆல்மா சுரையைக் கொடியிலேயே விட்டாள். வேலியைச் சுற்றிக்கொண்டு எகோனின் குடிலுக்குப் போனாள். எகோன் தன் கதவைத் தட்டினார், ஒரு நொடி நின்றார், பிறகு திறந்தார். மிர்கோ சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான்.

உள்ளே எல்லாம் ஹெடி விட்டுப்போன படியே இருந்தது. ஒற்றை அடுப்பு, பெரிய பாத்திரம், ஆணியில் இரண்டு மரக் கரண்டிகள். ஒன்று மஞ்சள் கறை ஏறிக் கறுத்திருந்தது. மற்றது வெளிறிப்போய், காய்ந்து, நுனியில் வெடிப்போடு தொங்கியது. ஜன்னல் விளிம்பில் மூன்று சின்னச் சுரைகள் பரு பருவாக, வைக்கோல் நிறத்தில் உட்கார்ந்திருந்தன. ஆல்மா ஒன்றை எடுத்தாள். காலி முட்டை ஓடுபோல் கனமற்று இருந்தது. ஆட்டினாள்; உள்ளே விதைகள் கலகலத்தன. திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

"இந்த வெளிறின கரண்டி?"

"அது ஹெடியோடது. கிளறுறது நான், ருசி பாக்குறது அவ. பாத்துட்டு வருஷா வருஷம் ஒரே வார்த்தைதான்: 'சர்க்கரை அதிகம், எகோன்.' எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். 'உன் அளவுதானடி போட்டேன்'னு கத்துவேன்."

கத்தியது உண்மைதான். எட்டுத் தோட்டம் தள்ளியிருந்த நாங்களே கேட்டிருக்கிறோம்.

"இப்ப யாரு ருசி பாக்குறா?"

எகோன் அவளை விநோதமாகப் பார்த்தார். "அது அவ வேலையாச்சே. நான் எப்படி...?" என்றவர், பேச்சை மாற்ற அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். மேலே பென்சிலில் 'சுக்கினி' என்று ஹெடியின் சாய்ந்த எழுத்து. "இதுதான் அவ விதை. வருஷா வருஷம் நல்ல காய் ஒண்ணை முத்தவிட்டு எடுப்பா. நானும் விடாம அதையே செய்யுறேன். அவ கை இன்னும் மண்ணுக்குள்ள இருக்குற மாதிரி."

ஆல்மா அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்குக் கூட்டத்துக்கு வா, எகோன்," என்றாள், மெதுவாக.

சங்கக் கட்டடத்தில் அன்று நாற்காலி போதவில்லை. வயிறு சரியில்லை என்று வேலைக்கு விடுப்பு எடுத்தவர்கள்கூட வந்திருந்தார்கள். யானா பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தலைவர் விதி எண்களைச் சொல்லி முடித்துக் கையைத் தூக்கச் சொல்லும் நேரத்தில் ஆல்மா எழுந்தாள்.

"வில்ஃப்ரீட், அன்னிக்கு ஊறுகாய் எத்தனை தடவை வாங்கிக்கிட்டே?"

"மூணு தடவை. அதுக்கென்ன?"

"கசக்கலையா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்சம்... கசந்துச்சு."

"கொஞ்சமா?"

"சரி, ரொம்ப. குமட்டிக்கிட்டு வந்துச்சு."

"ஏன் முழுங்கினே?"

"எகோன் எதுத்தாப்புல நிக்குறாரே! அது ஹெடியோட ஊறுகாய். எப்படித் துப்புறது? துப்பினா ஹெடியையே..."

கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லோருக்கும் கசந்திருந்தது. எல்லோரும் 'பிரமாதம்' என்று சொல்லியிருந்தோம். எர்னா ஹெடியின் உயிர்த்தோழி. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தட்டு முழுக்கத் தின்றாள். அதனால்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யார் எவ்வளவு மரியாதை காட்டினாரோ அவ்வளவு வயிற்றுப்போக்கு.

"நஞ்சைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், நாக்கு போதும்," என்றாள் ஆல்மா. "அந்தக் கசப்பு இருக்கிறதே துப்பச் சொல்றதுக்குத்தான். யானாவுக்கு ஹெடியைத் தெரியாது. அதனால நாக்கு சொன்னதைக் கேட்டா. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வாயிலேயே போட்டிருக்க மாட்டாளே."

"ஆனா சுரை அவளோடதுதானே!" என்று மிர்கோ துள்ளினான். "தேனீ மகரந்தத்தைக் கொண்டுபோய்..."

"கொண்டுபோயிருக்கும். ஆனா இந்த வருஷ மகரந்தம் இந்த வருஷக் காயோட சதையைக் கெடுக்காது, மிர்கோ. சதை தாய்ச்செடியோடது. மகரந்தம் போறது விதைக்குள்ள. அந்த விதையை அடுத்த வருஷம் போட்டாத்தான் கசப்புக் காய் வரும். இந்த வருஷம் கசக்குதுன்னா, தப்பு நடந்தது போன கோடையில. போன கோடையில யானாவோட தோட்டத்துல முள்ளும் குளியல்தொட்டியும்தான் இருந்துச்சு."

தூக்க வேண்டிய கைகள் எல்லாம் மடியில் கிடந்தன. மிர்கோவால் மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. "அப்ப போன வருஷம் யாரு தோட்டத்துல சுரை பூத்துச்சு? சொல்லுங்க ஆல்மா, யாரு?"

ஆல்மா உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை.

முன்வரிசையில் எகோன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நேத்து நீ அந்தக் காய்ஞ்ச சுரையை ஆட்டிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம வெச்சியே, அப்பவே எனக்கு என்னமோ பண்ணுச்சு," என்றார். "சுரை அப்படிக் காய ஒரு வருஷம் ஆகும், இல்ல? அவ போன முதல் இலையுதிர் காலத்துல கல்லறையில அழகுக்குச் சுரை வெச்சேன். பனி வந்ததும் அழுகிப்போச்சு. எடுத்துட்டு வந்து நம்ம எருக்குழியில போட்டேன். போன கோடையில அதுலேர்ந்து ஒரு கொடி தானா முளைச்சுது. நான் போடல, தண்ணிகூட ஊத்தல. சுக்கினிப் பாத்தி வரைக்கும் ஓடி மஞ்சளாப் பூத்துச்சு. அதுல காய்ச்சதுதான் அந்த ஜன்னல் சுரைங்க. எனக்கு அவ எதையோ சொல்லியனுப்பின மாதிரி இருந்துச்சு. புடுங்க மனசு வரல, ஆல்மா."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"ஹெடி விதையில தப்பில்ல. அவ விட்டுட்டுப் போன வரைக்கும் சுத்தமாத்தான் இருந்துச்சு," என்றாள் ஆல்மா.

"அவ இருந்திருந்தா கரண்டியை நாக்குல வெச்ச உடனே பாத்திரத்தோட கொட்டியிருப்பா," என்றார் எகோன். பிறகு பின்வரிசைப் பக்கம் திரும்பினார். "நீ மட்டும்தான்மா அன்னிக்கு அவ மாதிரி நடந்துகிட்டே."

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. மன்னிப்புக் கேட்பதற்குச் சங்க விதிகளில் வழி இல்லாததால் தலைவர் யானாவிடம் ஒரு பாட்டில் செர்ரி மதுவைக் கொடுத்தார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள். எர்னாவும் அந்த வாரமே வீடு திரும்பினாள்.

விதைகளை எருக்குழியில் போடக் கூடாது என்று ஆல்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எகோன் அவற்றைக் குப்பைத்தொட்டியில் கொட்டும்போது நாங்கள் இரண்டு மூன்று பேர் தற்செயலாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. வெறும் உறையைத் தட்டி, ஊதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வசந்தத்தில் கடையில் வாங்கிய விதை முளைத்தது. யாருடைய கையும் இல்லாத விதை.

இந்த ஆகஸ்டில் அவர் குடிலிலிருந்து மறுபடியும் கடுகும் வினிகரும் மணந்தன. காலனியில் திடீரென்று பலருக்கு அந்தப் பக்கத்து வேலியோரம் களை பிடுங்க வேண்டியிருந்தது. எகோன் வெளியே வந்தார். கையில் வெளிறிய கரண்டி, நுனியில் வெடிப்போடு. கம்பி வேலிக்கு மேலே அதை நீட்டினார். இந்த வருடம் வளைவில் சுரைக்குப் பதில் பீன்ஸ் ஏற்றியிருந்த யானா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நுனி நாக்கில் தொட்டு, வானத்தைப் பார்த்தபடி யோசித்தாள்.

நாங்கள் களை பிடுங்குவதை நிறுத்திவிட்டோம்.

"கசப்பு இல்ல," என்றாள். "ஆனா சர்க்கரை அதிகம், எகோன்."

அவர் அப்படியே நின்றார். கரண்டியிலிருந்து சாறு செருப்பின்மேல் சொட்டியது. பிறகு, மூன்று கோடையாக நாங்கள் கேட்காத அந்தக் குரல், எட்டுத் தோட்டமும் திரும்பிப் பார்க்க, உயர்ந்தது.

"அவ அளவுதானடி போட்டேன்!"