வேர்க்கடலைக் குவியலுக்கு ஒரு சட்டை

பசவனகுடியில், காளை கோவிலுக்குப் போகும் சாலையில் குடியிருந்த எல்லோருக்கும் நிருபமாவின் அம்மாவைத் தெரியும். செயற்கைக்கோள் செய்யும் இடத்தில் வேலை பார்ப்பவர் என்றால் சும்மாவா? துணி காயப்போட வேண்டுமா, ஊருக்குக் கிளம்ப வேண்டுமா, முதலில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள்.

"பாகீரதி மேடம், இன்னைக்கு மழை வருமா?"

பாகீரதி, பாவம், ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொல்வார். "நான் செயற்கைக்கோளுக்குப் போர்வை தைக்கறவ. அது மேலே போய் என்ன பார்க்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அது உண்மைதான். விண்வெளியில் வெயில் படும் பக்கம் கொதிக்கும். படாத பக்கம் உறைந்துபோகும். அதனால் பளபளக்கும் தங்க நிறத் தாள்களை அடுக்கடுக்காக வைத்துத் தைத்து, செயற்கைக்கோளுக்குப் போர்த்தி அனுப்புவார்கள். கடலின் நிறத்தைப் பார்ப்பதற்கென்றே போன வருடம் ஒரு செயற்கைக்கோள் போனதே, அதன் போர்வையில் பாகீரதி போட்ட தையலும் இருந்தது.

ஆனால் தெருவில் இந்த விவரமெல்லாம் யாருக்கு வேண்டும்? அவர்களுக்குப் பதில் வேண்டும். அதைச் சொல்ல நிருபமா இருந்தாள்.

பத்து வயது நிருபமா வானத்தை அண்ணாந்து பார்ப்பாள். கண்ணைச் சுருக்குவாள். பிறகு, "இன்னைக்கு வராது ஆன்ட்டி, தைரியமா காயப்போடுங்க" என்பாள். ஏதோ நாலைந்து தடவை அது பலித்தும் விட்டது. அவ்வளவுதான், பக்கத்து வீட்டு ஷ்ரேயாஸ் அவளுக்கு 'மழை ஆபீசர்' என்று பெயர் வைத்துவிட்டான். அவன் கிண்டலாகத்தான் வைத்தான். அவளுக்கோ தலைகால் புரியவில்லை.

அது இரண்டாயிரமாவது ஆண்டு, கார்த்திகை மாதம். அந்த மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை அந்தச் சாலையில் பெரிய வேர்க்கடலைத் திருவிழா நடக்கும். பரிஷெ என்பார்கள் கன்னடத்தில். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நடைபாதையில் மலைபோல் கொட்டி வைத்திருப்பார்கள்.

நிருபமா வீட்டு வாசலுக்கு நேராக வருடா வருடம் கடை போடும் பெண் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தனக்கோடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் காயைக் கொட்டி முடித்தபோது அவருடைய தம்பி லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தார். இன்னொரு லோடு எடுக்க ஊருக்குத் திரும்பும் அவசரம் அவருக்கு.

"யக்கா, தார்ப்பாய எடுத்துட்டுப் போவட்டுமா? அங்க மூட்டைய மூடறதுக்கு ஒண்ணுமில்ல."

தனக்கோடி யோசித்தார். கேட்டருகே நின்ற நிருபமா அவர் கண்ணில் பட்டாள்.

"பாப்பா, உங்கம்மாதான ராக்கெட் ஆபீசுல இருக்காங்க? நாளைக்கி மழ வருமா?"

நிருபமா அண்ணாந்து பார்த்தாள். வானம் கழுவிவிட்டது போல் இருந்தது.

"ஒரு சொட்டுகூட வராது அக்கா. எங்கம்மா தைச்ச சாட்டிலைட் மேலேதான் இருக்கு!"

"அப்பறம் என்னா, எடுத்துட்டுப் போடா" என்றார் தனக்கோடி. லாரி கிளம்பிப் போனது. கூடவே தார்ப்பாயும் போனது.

சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா சேஷகிரி டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வானிலை வந்தது. இன்சாட் செயற்கைக்கோள் எடுத்த படம் என்று சொல்லி, இந்தியாவின் படத்தைக் காட்டினார்கள். அதன் வலது பக்கம், கடலின் மேல், வெள்ளையாக ஏதோ பெரிதாகச் சுழித்துக் கிடந்தது.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய மேகம்! நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இங்கே கொட்டப் போறது" என்றார் அப்பா.

நிருபமா ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். "இங்கே வானம் நன்னாத்தானே இருக்கு?"

"இங்கேருந்து பார்த்தா நம்ம தெரு மேலே இருக்கற வானம்தானே தெரியும்? அது ரொம்ப உயரத்துலேருந்து கடல் மொத்தத்தையும் பார்க்கறது" என்றார் அம்மா.

"நீ தைச்ச சாட்டிலைட் ஏம்மா இதைச் சொல்லல?"

"அது வேறடி. கடல் எங்கே பச்சையா இருக்கு, எங்கே நீலமா இருக்கு, மீன் எங்கே கிடைக்கும்னு பார்க்க அனுப்பினது. பசவனகுடியில மழை வருமான்னு அதுகிட்ட கேட்டா அது முழிக்கும்."

அம்மா சிரித்தார். நிருபமா சிரிக்கவில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது. விக்கி விக்கித் தார்ப்பாய்க் கதையைச் சொல்லி முடித்தாள்.

அப்பா உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை மூடியிருந்தது. திறந்திருந்த கடையிலும் பிளாஸ்டிக் விரிப்பை எல்லாம் திருவிழாவுக்கு வந்தவர்களே வாங்கிப் போயிருந்தார்கள். அதற்குள் நிருபமா கீழே இறங்கித் தனக்கோடியின் எதிரில் போய் நின்றாள்.

"அக்கா, நாளைக்கு மழை வருமாம். டிவியில படம் காட்டினாங்க. நான் சொன்னது சும்மா. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

தனக்கோடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். குவியலை ஒரு தடவை பார்த்தார். அந்த வருடம் அவர் நிலத்தில் விளைந்ததில் பெரும்பகுதி அங்கேதான் கிடந்தது. நனைந்தால் காய் கறுத்துப்போகும், முளைவிடும். அதை யாரும் சீந்தமாட்டார்கள்.

"தம்பி வந்துசேர நாளைக்கி ராவாயிடுமே" என்றார் மெதுவாக.

"எங்க வீட்டுக்குள்ளே எடுத்து வெச்சுடலாமா?"

"உள்ள வெச்சா யாரு பாப்பா வாங்குவாங்க? நாளைக்கி ஒரு நாளு வித்தாத்தான். எடத்த விட்டாலும் அடுத்தவங்க வந்து குந்திக்குவாங்க." அவர் நிருபமாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "அழாத. நீ எனக்கு நல்லதுதான நெனச்ச?"

திட்டியிருந்தால்கூட நிருபமா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

தெருவை ஒரு நோட்டம் விட்டாள். எதிர்வீட்டில் டென்சில் அங்கிளின் பழைய கார் உறை மாட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஷ்ரேயாஸ் வீட்டு ஸ்கூட்டருக்கும் ஓர் உறை. மழைக்கு மூடுகிற பொருள் எத்தனை வீட்டில் எத்தனை இருக்கும்! நேராகப் போய் டென்சில் அங்கிளின் மணியை அழுத்தினாள்.

"வாம்மா, மழை ஆபீசர்!"

"அங்கிள், நான் ஆபீசர் இல்ல. இத்தனை நாளா சும்மா குத்துமதிப்பாத்தான் சொன்னேன். நாளைக்கு நெஜமாவே மழை வருது. கார் கவரை ஒரு நாளைக்குத் தருவீங்களா?"

டென்சில் அங்கிள் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எடுத்துக்கோ. கார் நனைஞ்சா துடைச்சுக்கலாம். காய் நனைஞ்சா என்ன செய்யறது?"

அடுத்து ஷ்ரேயாஸ் வீடு. "அப்போ அன்னைக்கு என் கிரிக்கெட் மேட்சுக்கு மழை வராதுன்னு சொன்னியே?" என்றான் அவன்.

"அதுவும் சும்மாதான்."

"அடிப்பாவி! நனைஞ்சு ஜுரம் வந்தது எனக்கு!" என்று கத்தினான். கத்திக்கொண்டே ஸ்கூட்டர் உறையையும் கழற்றினான். பிறகு தன் மழைக்கோட்டையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான்.

இப்படி வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு வாசலிலும் நிருபமா முதலில் உண்மையைச் சொன்னாள். முதல் வீட்டில் வார்த்தை திக்கியது. நாலாவது வீட்டுக்குப் போகும்போது சரளமாக வந்தது. சாப்பாட்டு மேஜை விரிப்பு, கொலுப்படிக்கு விரிக்கும் பிளாஸ்டிக், குளியலறைத் திரை என்று கை நிறையச் சேர்ந்தது.

கொண்டுவந்து குவியல் மேல் விரித்துப் பார்த்தார்கள். இங்கே மூடினால் அங்கே திறந்துகொண்டது. லேசாகக் காற்றடித்தது, குளியலறைத் திரை பறந்துபோய் ஷ்ரேயாஸின் தலையில் முக்காடு போட்டது. தனக்கோடிகூடச் சிரித்துவிட்டார்.

நிருபமா மட்டும் யோசித்தாள். தனித்தனியாக இருப்பதால்தானே பறக்கிறது? எல்லாவற்றையும் வாரிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

"அம்மா, இதெல்லாத்தையும் சேர்த்து ஒரே போர்வையாத் தைச்சுத் தரியா?"

பாகீரதி அந்த மூட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு தையல் மிஷினை இழுத்துப் போட்டார்.

"ராக்கெட்டுல போறதுக்குத் தைக்கறப்போகூட யாரும் என்னை இப்படி அவசரப்படுத்தினதில்லை" என்றார்.

மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறியிருக்கும்படி, ஓடு வேய்வது போல் அடுக்கித் தைத்தார். "ஊசி குத்தின ஓட்டை வழியாத் தண்ணி இறங்கும். மெழுகுவத்தி எடுத்துண்டு வா" என்றார். நிருபமாவும் ஷ்ரேயாஸும் தரையில் உட்கார்ந்து, தையல் போன வழியெல்லாம் மெழுகைத் தேய்த்தார்கள். அப்பா நாலு ஓரத்திலும் கயிறு கட்டினார்.

"சுத்திலும் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டணும். காத்தே போகாம மூடினா காய் உள்ளேயே வேர்த்துப் போயிடும். செயற்கைக்கோள் போர்வைக்கும் காத்து வெளியேறச் சின்னச் சின்ன ஓட்டை விடுவோம்" என்றார் அம்மா.

மறுநாள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. காலையில் சாலை முழுக்க ஜனம், பீப்பி, பலூன், வறுத்த கடலை வாசம். வெயில் சுள்ளென்று அடித்தது. தனக்கோடியின் குவியலுக்குப் பின்னால் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. நிருபமா நகத்தைக் கடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தபடி இருந்தாள். இத்தனை பேரிடம் வாங்கிய பிறகு மழை வராமல் போனால் அதுவும் வெட்கக்கேடு.

மத்தியானம் திடீரென்று இருட்டியது. "இழு, இழு!" என்று அப்பா கத்தினார். நாலு மூலைக்கும் நாலு பேர் பாய்ந்தார்கள். கடைசிக் கயிற்றை ஷ்ரேயாஸ் கேட்டில் கட்டவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

என்ன மழை! சாலையில் தண்ணீர் ஓடியது. பலூன்காரர் ஒரு வாசலிலும் பீப்பிக்காரர் இன்னொரு வாசலிலும் ஒதுங்கினார்கள். நடுவில் கார் உறையும் மாம்பழம் அச்சடித்த மேஜை விரிப்பும் மழைக்கோட்டின் இரண்டு கைகளுமாக அந்தக் குவியல் ஒரு கோமாளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

நிருபமாவால் சிரிக்க முடியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தையல்களையே பார்த்தபடி நின்றாள். எந்த இடத்தில் ஒழுகுமோ என்று ஒவ்வொன்றாகக் குனிந்து தேடினாள்.

குடையோடு வந்த ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "ஏனம்மா மழை ஆபீசர், மழை எப்போ நிக்கும்?"

"எனக்குத் தெரியாது அங்கிள். ஏழு மணிக்கு டிவியில சொல்வாங்க" என்றாள் நிருபமா.

மழை ஒருவழியாக ஓய்ந்தது. தனக்கோடி போர்வையின் ஓரத்தைத் தூக்கி, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு கைப்பிடி காயை எடுத்தார். அதை நிருபமாவின் காதருகே கொண்டுவந்து குலுக்கினார்.

காய்ந்த ஓட்டுக்குள் பருப்பு ஆடும் சத்தம் கலகலவென்று கேட்டது.