கை அலம்பாமல் ஆற்றில் இறங்கியவன்

"ஏய்... ஏய்! நில்லு! கை அலம்பாம ஆத்துல கால வைக்கிறியே, உனக்குப் பயமே இல்லையா?"

மெலித்தா போட்ட சத்தத்தில் நாணல் புதரிலிருந்த நாரைகூடப் பறந்துவிட்டது. அவனோ முழங்கால் தண்ணீரில் நின்றபடி நிதானமாகத் திரும்பினான். தோளில் ஒரு கட்டு நாணல்... இடுப்பில் அரிவாள்... பெண்களே பொறாமைப்படும்படி முதுகில் புரளும் கூந்தல்.

அசோபோஸ் ஆறு வெறும் தண்ணீரா என்ன? கொம்பு வைத்த தெய்வம்! கரையில் கையை அலம்பி, ஒரு வார்த்தை வேண்டிக்கொண்டுதான் யாரும் காலை நனைப்பார்கள். ஆற்றின் பூசாரி லம்ப்ரியாஸுடைய ஒரே மகளின் கண்ணெதிரில் ஒருவன் இப்படிச் செய்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

"எங்கப்பா வீட்டுக்குள்ள போறதுக்கு நான் எதுக்குக் கை அலம்பணும்?" என்றான் அவன்.

"உங்கப்பா வீடா?"

"ஆமா. அசோபோஸ்தான் எங்கப்பா. ஊருக்கே தெரியும், பூசாரி பொண்ணுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் இவன்... பிலின்னாவின் மகன் தாமோன்! கல்யாணமாகாமலே பிள்ளை பெற்றவள் பிலின்னா. கேட்டவர்களிடமெல்லாம், 'குளிக்கப் போனேன், ஆறுதான் என்னைத் தொட்டது' என்றவள். ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தூறல் ஆரம்பித்தது. மெலித்தா தெரியாத்தனமாக அவன் கண்களைப் பார்த்துவிட்டாள். பச்சை... ஆழமான மடுவின் பச்சை. பார்த்திருக்கவே கூடாது!

"என்ன அப்படிப் பாக்கிற? கொம்பு முளைச்சிருக்கான்னா?"

"திமிருதான் முளைச்சிருக்கு!"

வெடுக்கென்று திரும்பி நடந்தாள். குடத்தில் தண்ணீர் மொள்ள மறந்தது வீட்டு வாசலில்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு பூசாரி வீட்டுக் குடம் ஒரு நாளைக்கு நாலு தடவை காலியாயிற்று. அவன் குழலுக்கு நாணல் வெட்டுகிறவன், எந்நேரமும் ஆற்றில்தான் கிடப்பான். அவள் திட்டுவாள், அவன் சிரிப்பான். அத்திப்பழம் கொண்டுவந்து, "உனக்கில்லை, ஆத்துக்கு" என்பாள். பாதியை அவனே தின்றுவிடுவான்.

ஒருநாள் சிரிக்காமல் சொன்னான். "இந்தப் பௌர்ணமிக்கு என் முடிய ஆத்துக்குக் கொடுக்கப் போறேன். கொடுத்தாத்தான் ஆம்பளைன்னு ஊர்க் கணக்குல சேப்பாங்க. அப்புறம்... உங்கப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேப்ப?"

"உனக்குத் தெரியாதாக்கும்!"

மெலித்தாவின் முகம் காது மடல் வரை சிவந்தது.

பௌர்ணமியன்று காலையில் ஊரே கரையில் கூடியது. பார்லி அப்பம், தேன், வெண்கலக் கத்தி, எல்லாம் தயார். பிலின்னா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றாள். லம்ப்ரியாஸ் கத்தியை எடுத்தார். குடம் ஏன் காலியாகிறது என்ற விஷயம் முந்தின நாளே அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"இன்னார் மகன் இன்னார்னு சொல்லித்தான் முடிய வாங்குவேன். நீ யாரு மகன்?"

தாமோன் ஓரத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அசோபோஸ் மகன்னா தண்ணிக்குள்ள கைய வச்சு சத்தியம் பண்ணு. பொய்யா இருந்தா ஆறு உன்ன இழுத்துக்கும். பண்ண மாட்டேன்னா... உங்கம்மா இருபது வருஷமா ஊர ஏமாத்தியிருக்கான்னு அர்த்தம். அப்பன் பேரு இல்லாதவனுக்கு இங்க கத்தியும் இல்ல, பொண்ணும் இல்ல."

மெலித்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அப்பாவா இப்படி? சத்தியம் செய்தால் அவன் உயிர்... செய்யாவிட்டால் அவன் அம்மாவின் மானம்!

தாமோன் மெல்ல நடந்தான். கரையில் குனிந்தான். இரண்டு கைகளையும்... அலம்பினான்!

மெலித்தா வாயில் கைவைத்தாள். இத்தனை நாள் ஒருமுறைகூடச் செய்யாதவன்!

தண்ணீர் சொட்டும் கைகளோடு நிமிர்ந்தான். "பூசாரி ஐயா, எங்கம்மா சொன்னது பொய்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் பாத்ததுக்குத்தான் என்னால சத்தியம் பண்ண முடியும். ஊர் சிரிச்சப்ப இடுப்புல என்னைத் தூக்கிட்டு இந்த ஆத்துல நாணல் வெட்டினவ அவ. அது எனக்குத் தெரியும். தாமோன், பிலின்னா மகன். ஆத்து மேல சத்தியம்!"

பிலின்னாவின் முக்காடு நழுவியது. அதைச் சரிசெய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே அழுதாள்.

"அம்மா பேர வச்சு முடி வாங்குற வழக்கம் இல்ல," என்று லம்ப்ரியாஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

வைத்த கத்தியைக் காணோம்!

மெலித்தாவின் கையில் இருந்தது அது. தாமோனின் கூந்தலை ஒரு பிடி பிடித்து அறுத்தாள். அவன் திகைத்து நிற்கும்போதே தன் பின்னலிலும் ஒரு கொத்தை அறுத்தாள்.

"மெலித்தா! கல்யாணம் நிச்சயமான பொண்ணுதான்டி முடி கொடுப்பா!" என்று அப்பா அலறினார்.

"அதுக்குத்தான்ப்பா கொடுக்கிறேன்."

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஆற்றில் விட்டாள். முடிச்சு சுழன்றது... ஒரு நாணலில் மாட்டிக்கொண்டு நின்றது. யாரோ 'அச்சச்சோ' என்றார்கள். மெலித்தாவின் இதயமும் கூடவே நின்றது. வேண்டாம் என்கிறதா ஆறு?

ஒரு சின்ன அலை வந்தது. நாணல் வளைந்து கொடுத்தது. முடிச்சு நழுவி, நடு ஆற்றுக்குப் போய், கண்ணிலிருந்து மறைந்தது.

"ஆறு வாங்கினத யாரும் திருப்பிக் கேக்கக் கூடாது. நீங்க சொல்லிக் கொடுத்ததுதானேப்பா?"

லம்ப்ரியாஸ் ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார். முப்பது வருஷப் பூசாரி, ஆற்றோடு எப்படிச் சண்டை போடுவார்?

மெலித்தா நேராகப் பிலின்னாவிடம் போய் முக்காட்டை எடுத்துத் தலையில் சரியாகப் போட்டுவிட்டாள். "அழாதீங்க அத்தை," என்றாள்.

தாமோன் பாதி மொட்டையும் பாதிக் கூந்தலுமாக இன்னும் சிலைபோல நின்றிருந்தான்.

"என்னைக் கேக்காம என் முடிய அறுத்திட்டியே..."

"உன்னைக் கேக்காமத்தான் உன்மேல ஆசையும் வச்சேன். அன்னிக்கு நீ ஆத்துக்குள்ள நின்னு திரும்பிப் பாத்தப்பவே..."

அவன் அவள் கையைப் பிடிக்க வந்தான். சட்டென்று நின்றான். ஓடிப்போய் ஆற்றில் கையை மறுபடி அலம்பிக்கொண்டு வந்தான்.

"இப்ப எதுக்குடா?"

"சாமியத் தொடுறதுக்கு முன்னாடி அலம்பணும்னு நீதானே சொன்ன?"