ஸ்வாலன்பாக்கத்துக் குதிரைகள்

ஊரப்பாக்கத்தில், ஸ்வாதி வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர் இருந்தது. கப்பலில் ஆட்களை ஏற்றிக் கடல் தாண்டிப் போய், காடு திருத்திக் கட்டிய ஊர். ஸ்வாதியும் பின்தெரு ஹெலனும் சேர்ந்து விளையாடியதால் அதற்கு ஸ்வாலன்பாக்கம் என்று பெயர்.

ஒரு முறை பொத்தானை அழுத்தினால் அந்த ஊரில் ஒரு வருடம் ஓடிவிடும். ஸ்வாதி பத்து வருடம் ஆள்வாள், பிறகு ஹெலன் பத்து வருடம். கிடங்கில் இருநூறு மூட்டை தானியம் சேர்ந்தால் ஊருக்குப் புதிதாக ஓர் ஆள் வருவார்.

ஆனால் மூட்டை நூற்றிருபதைத் தாண்டவே இல்லை. விளைச்சல் அமோகம், சாப்பிடுவதோ ஐந்தே பேர். மிச்சமெல்லாம் எங்கே போகிறது?

"உன் முறையில நீதான் வித்துட்ட," என்றாள் ஸ்வாதி.

"நான் இன்னாத்துக்குடி விக்கப் போறேன்? தொடவே இல்ல!"

"அப்போ மூட்டைக்குக் கால் முளைச்சு ஓடிடுச்சா?"

அதோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை பள்ளி வேனில் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க ஊர்த் தானியத்தை ஹெலன் திருடி வித்துட்டா," என்று சொல்லிவிட்டாள். பின்சீட்டுக் கேசவனுக்கு அது போதாதா? "மூட்டைத் திருடி! மூட்டைத் திருடி!" என்று பாட்டாகவே ஆக்கிவிட்டான். ஹெலன் மறுநாளிலிருந்து முன்சீட்டில் தனியாக உட்கார்ந்தாள். சனிக்கிழமை விளையாடவும் வரவில்லை.

ஸ்வாதி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அப்போதுதான் லாயம் கண்ணில் பட்டது. முதல் வருடமே ஆசையாக ஒரு குதிரை வாங்கியிருந்தாள். தனியாக இருந்தால் பாவம் என்று ஹெலன் பெயரில் இன்னொன்றும் வாங்கி விட்டிருந்தாள். இப்போது அங்கே முப்பத்தாறு குதிரைகள்!

அவளுக்குச் சந்தேகம் வந்தது. விளையாட்டைச் சேமித்துவிட்டு, சோதனைக்காக எல்லாக் குதிரைகளையும் விற்றாள். பொத்தானை அழுத்தினாள். நூற்றிருபது நூற்று முப்பத்தைந்தாக ஏறியது. இன்னொரு முறை அழுத்தினாள். நூற்றைம்பது!

இப்போது புரிந்தது: இரண்டு குதிரை இருந்தால் குட்டி போடும், மிஞ்சிய தானியத்தைத் தின்றே பெருகும். இதை அந்த விளையாட்டு யாருக்கும் சொல்லவே இல்லை. ஆனால் ஹெலனைத் திருடி என்று சொன்னது விளையாட்டா? இவள்தானே! ஸ்வாதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா தோசை போட்டுக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

ஹெலன் வீட்டுக்குப் போய் ரகசியமாக மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் வேனில் கத்திச் சொன்னதை வீட்டில் முணுமுணுத்தால் சரியாகுமா?

திங்கட்கிழமை வேன் ரயில்வே கேட்டில் நின்றதும் ஸ்வாதி எழுந்து நின்றாள்.

"இன்னா பாப்பா, குந்து! வண்டி எடுத்தா வுழுந்துடுவ," என்றார் டிரைவர் சின்னையன்.

"ஒரே நிமிஷம் அண்ணா." "ஹெலன் ஒரு மூட்டைகூட எடுக்கல. நான் வாங்கின குதிரைங்கதான் எல்லாத்தையும் தின்னிருக்கு. சரியா பார்க்காம அவளைத் திருடின்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது."

"எத்தினி குதிரை?" என்றான் கேசவன்.

"முப்பத்தாறு."

வேனே அதிர்ந்தது. கேசவன் குதிரைபோலக் கனைத்தான். சின்னையன்கூடச் சிரித்துவிட்டார். ஸ்வாதியின் காதெல்லாம் சூடானது, அழுகை முட்டியது. ஆனாலும் உட்காராமல் நின்றாள்.

ஹெலன் மெதுவாகத் திரும்பினாள். "எல்லாத்தையும் வித்துட்டியா?"

"இல்ல, அது சும்மா சோதனைதான். பழையபடி அங்கேயே இருக்கு. உன்னோடதும் இருக்கு. நீ வந்து சொன்னாதான் விப்பேன்."

"ஒண்ணே ஒண்ணு வச்சிக்கலாம். அப்போ குட்டி போடாது இல்ல?"

"போடாது. ஆனா அது தனியா இருக்குமே ஹெலன்."

ஹெலன் பக்கத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்வாதிக்கு இடம் விட்டாள்.

"தனியா குந்தினு இருந்தா பேஜாருதான். ரெண்டாவே இருக்கட்டும், குட்டி போட்டா குட்டிய வித்துடலாம்," என்றாள். "ஆனா தீனி மட்டும் உன்னோட பத்து வருச விளைச்சல்ல!"