நிமிடத்துக்குப் பன்னிரண்டு

இன்ஜினை நிறுத்தி முழுதாக ஒரு நிமிடம் ஆகியும் திரையில் இருந்த பச்சைக் கோடு நேராக நிற்கவில்லை.

பெரியவர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். பட்டறையில் ஆள் யாரும் இல்லை. காலையிலிருந்து ஒரே சீராக மழை தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் சக்தியை அளக்கும், ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் சூடேறிய ரப்பரின் வாசனையும் எரிந்த பெட்ரோலின் வாசனையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒற்றைக் குழல் விளக்கின் வெளிச்சத்தைக்கூடக் கொஞ்சம் கனமாக்கியிருந்தன. அறையின் நடுவில் தம்பியின் சிவப்பு பிக்கப் நின்றது. பின்சக்கரங்கள் தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் இருந்தன. முன்னும் பின்னும் தடித்த பட்டைகளால் வண்டியை இழுத்துக் கட்டியிருந்தார். வண்டி நின்ற இடத்திலேயே ஓடும், உருளைகள் சுழலும், அந்தச் சுழற்சியைப் பார்த்துக் கணினி சக்தியைச் சொல்லும். சொல்லியும் விட்டது. இருநூற்று இருபத்தொரு குதிரைத்திறன். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரை மாட்டுவதற்கு முன்னால் நூற்று ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்று கூடியிருக்கிறது. எந்த மெக்கானிக்கும் துள்ளிக் குதித்து நாலு பேருக்கு போன் போட வேண்டிய எண்.

பெரியவர் அதைத் தாளில் எழுதினார். எழுதியதை, வேறு யாரோ எழுதி வைத்ததுபோலப் பார்த்தார்.

அவருக்கு நாற்பத்தாறு வயதுதான். தம்பியும் அவரும் சேர்ந்து பட்டறை நடத்தியதால் ஆட்கள் அவரைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். சின்னவர் போய் ஐந்து மாதம். இனி யாரை வைத்து இவர் பெரியவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த ஐந்து மாதமாக எதுவும் அவருக்குள் போய்ச் சேர்வதில்லை. சோறு வெறும் எடையாக இறங்கியது. மனைவி பேசினால் வாய் அசைவது தெரிந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு போன அன்று ஊரே அழுதபோது, வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தார். இன்று காலை எக்ஸாஸ்ட் குழாயில் முன்கை ஒட்டிக்கொண்டது. தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தார். கொப்புளம் எழும்பியது. வலிக்கும் என்று காத்திருந்தார். வலிக்கவில்லை.

மேசையில் போன் அதிர்ந்தது. தம்பி மனைவி.

"முடிஞ்சுதா மாமா?"

"முடிஞ்சுதும்மா. இருநூத்தி இருபத்தொண்ணு."

"இருநூறத் தாண்டும்னு சொல்லிட்டே இருப்பார். மூட்டை ஏத்துற வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு, நிலாவுக்கா லோடு அடிக்கப் போறீங்கன்னு கேப்பேன்."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து, அவர் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார்.

"நாலு மணிக்கு வரேன். அப்புறம் வித்துடலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ அதுல உக்காரணும். சத்தம் எப்படி மாமா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"மூச்சு மாதிரி இருக்கும்னு சொல்வார். சாதா இன்ஜின் தானா மூச்சு இழுக்கும், இது காத்த உள்ள தள்ளி விடும்னு."

"ம்."

போனை வைத்தார். சூப்பர்சார்ஜர் வந்த பெட்டி, சின்னவர் போன இரண்டாவது வாரம் வீட்டுக்கு வந்தது. நாலு மாதம் அதைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருந்துவிட்டு, போன வாரம் அவளே சுமந்துகொண்டு வந்து இறக்கினாள். "நீங்கதான் மாட்டணும் மாமா. வேற யாரும் தொடக் கூடாது." மறுக்க ஒரு காரணமும் அவருக்குக் கிடைக்கவில்லை. மறுப்பதற்கும் ஏதாவது ஓர் உணர்ச்சி வேண்டியிருக்கிறது.

திரையில் பச்சைக் கோடு ஏறியது. இறங்கியது.

அது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம். இன்ஜின் ஓடும்போதுதான் அதற்கு வேலை. நின்றுவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் படுத்துவிட வேண்டும். இது படுக்கவில்லை. மெதுவாக ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, ஏறியதைவிட மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது.

சென்சார் கோளாறு. பெரியவர் பானெட்டுக்குள் குனிந்து சென்சாரின் வயரைப் பிடுங்கினார். கோடு அடியில் போய் விழுந்தது. மாட்டினார், ஏறியது. அலமாரியிலிருந்து புது சென்சாரை எடுத்து, உறையைப் பல்லால் கிழித்து, மாற்றினார். புதியதிலும் ஏறியது, இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு.

அடுத்த நிமிடமும் பன்னிரண்டு.

தலைக்கு மேலே புகை இழுக்கும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அது இரவு பகலாக ஓடியது. "அதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்க பெரியவரே, கல்யாணம் காட்சிக்காவது போய்ட்டு வரட்டும்" என்று வெல்டர் கிண்டல் செய்வான். ஐந்து மாதமாகப் பெரியவரின் கை அந்தச் சுவிட்சின் பக்கம் போகவில்லை.

கடைசியாகப் போனது அன்றைக்குத்தான். சின்னவர் இதே வண்டியை இதே உருளைகளின் மேல் ஏற்றி, முதல் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். சூப்பர்சார்ஜருக்கு முன்னால் எவ்வளவு என்று தெரிந்தால்தானே பின்னால் எவ்வளவு கூடியது என்று தெரியும். பெரியவருக்கு போன் வந்தது. ஃபேன் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. சுவிட்சைத் தட்டிவிட்டு, பேசிக்கொண்டே வெளியே வந்து, சத்தம் வெளியே வராமலிருக்க அறைக் கதவையும் சாத்தினார். அளவு மாறி வந்த ஒரு கேஸ்கெட்டைப் பற்றிய பேச்சு. இருபத்திரண்டு நிமிடம். திரும்பி வந்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துத் தூங்குவதுபோல இருந்தான். விஷப் புகை ஏறிய கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது.

ஃபேன் தானாக நின்றுவிட்டது என்றார். விசாரிக்க வந்தவரிடம் சொன்னார், மனைவியிடம் சொன்னார், தம்பி மனைவியிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். அப்புறம் அதைப் பற்றி அவருக்குள்ளும் எதுவும் பேசவில்லை.

ஏர் ஃபில்டரைக் கழற்றினார். காற்று உள்ளே போகும் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது, ஒரு கைப்பிடி அகலம். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

கை உள்ளே இழுபட்டது.

பலமாக இல்லை. குழந்தை விரலைச் சப்புவதுபோல. பிறகு விட்டது. விட்டபோது உள்ளங்கையில் காற்று பட்டது. இளஞ்சூடு. ஈரம். இன்ஜினுக்குள்ளிருந்து வரும் காற்றில் எண்ணெய் வீசும், பெட்ரோல் வீசும். இதில் இரண்டும் இல்லை. கிராம்பு வீசியது. சின்னவருக்குக் கடைவாய்ப் பல் வலி. கடைசி ஆறு மாதமும் பல் டாக்டரிடம் போகாமல் கிராம்பை அடக்கிக்கொண்டே காலத்தை ஓட்டியவர்.

பெரியவர் கையைச் சட்டையில் துடைத்தார். பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் எங்கோ தூரத்தில், அடுத்த தெருவில் ஓடும் மோட்டார்போல, இருப்பது மட்டும் தெரிந்தது.

சாவி இன்னும் ஆனில் இருக்கிறது. அதனால்தான் சென்சாருக்குக் கரண்ட் போகிறது. அணைத்தால் தீர்ந்தது. அப்படி நினைத்துத்தான் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறினார். சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டு விளக்குகள் அணைந்தன. எதிரே மேசையில் திரையின் பச்சைக் கோடும் மறைந்தது.

சத்தம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது.

ஃபேனின் இரைச்சலுக்கு அடியில், மழைக்கும் அடியில், பானெட்டிலிருந்து மெல்லிய விசில் ஒன்று ஏறியது. சூப்பர்சார்ஜரின் விசில். அது சுழல வேண்டுமென்றால் பெல்ட் சுழல வேண்டும். பெல்ட் சுழல இன்ஜின் சுழல வேண்டும். இன்ஜின் செத்துக் கிடந்தது. விசில் ஏறியது, தயங்கியது, இறங்கியது. சாவியை உருவினார். ஏறியது.

காதை நம்பாமல், ஃபேன் சத்தத்தைத் தடுக்க வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஏறியது. இறங்கியது. எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. திடீரென்று ஒன்று புரிந்தது. விசில் ஏறும்போதெல்லாம் தன் நெஞ்சும் ஏறுகிறது. இறங்கும்போது இறங்குகிறது.

சும்மா. பக்கத்தில் யாராவது கொட்டாவி விட்டால் நமக்கும் வருவதில்லையா. அதுபோல. அவர் மூச்சை அடக்கினார்.

விசிலும் நின்றது.

மழையும் ஃபேனும் மட்டும்.

ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பத்து. பதினைந்து. இருபது. காதுக்குள் ரத்தம் இடித்தது. உதட்டை இறுக்கிக்கொண்டார்.

விசில் ஏறியது.

உதடு பிரிந்தது. அவர் பிரிக்கவில்லை. காற்று உள்ளே வந்தது. அவர் இழுக்கவில்லை. தள்ளியது. தொண்டை வழியாக, இளஞ்சூடாக, ஈரமாக, கிராம்பு வாசனையோடு நெஞ்சுக்குள் இறங்கி விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரித்தது. உச்சியில் தயங்கியது. பிறகு வெளியே போனது.

கதவைத் திறக்கக் கை நீட்டினார்.

கை மடியில் கிடந்தது.

மறுபடி நீட்டினார். கை அங்கேயே கிடந்தது. யாருடைய கையோபோல.

நெஞ்சு ஏறியது.

கத்தினார். எங்கும் சத்தம் இல்லை. இப்போது பயம் வந்தது. ஐந்து மாதம் வராத எல்லாம் வந்தது. இருபத்திரண்டு நிமிடமும் வந்தது. வந்து நிற்க இடமில்லை. உள்ளே வேறு ஆள் இருந்தான்.

நெஞ்சு இறங்கியது.

அறைக் கதவு திறந்தது. மழைச் சத்தம் பெரிதாகி, மறுபடி சிறிதானது. தம்பி மனைவி. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சீட்டில் அவரைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். அந்த இடத்தில் அப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதை அவள் முன்பு எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கதவருகில் வந்தாள். திறந்தாள்.

"மாமா? என்ன, இன்ஜின் ஓடுதா? ஏதோ சத்தம்..."

ஓடு. ஓடிவிடு அம்மா.

நெஞ்சு ஏறியது. அவருடைய வாய் திறந்தது.

"நனைஞ்சுட்டியா, தவளை?"

அந்தப் பெயரைப் பெரியவர் கேட்டதே இல்லை. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான், அது ஒரே ஓர் ஆள் கூப்பிட்ட பெயர் என்று தெரிந்தது. மூடிய அறையில், விளக்கணைத்த பிறகு கூப்பிட்ட பெயர்.

கத்துவாள் என்று நினைத்தார். குடை கையிலிருந்து விழும், ஓடுவாள், யாரையாவது கூட்டிவருவாள். அவள் குடையை மடக்கினாள். சுவரில் சாய்த்து வைத்தாள். வண்டியைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, சாத்தினாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"தவளை."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு கையை எடுத்தாள். கண் நிறைந்திருந்தது. முகம் மட்டும் பல நாள் காய்ச்சல் விட்டதுபோல இருந்தது.

"அன்னிக்கு," என்றது அவருடைய வாய், "அண்ணன்... ஃபேன..."

"ஷ்ஷ்." அவள் விரலை அந்த உதட்டின்மேல் வைத்தாள். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல மூச்ச விடுங்க. அவசரமே இல்ல. நிதானமா."

நெஞ்சு ஏறியது.

"அப்படித்தான்."

இறங்கியது.

"அப்படித்தான்."

சீட் பெல்ட்டை இழுத்து அவர்மேல் போட்டு மாட்டினாள். க்ளிக். நெருங்கி உட்கார்ந்தாள். தோளில் தலையைச் சாய்த்தாள். நெஞ்சின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, ஏறும்போதெல்லாம் அதை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிடுவதுபோலச் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

பெரியவர் கண்ணை மூடப் பார்த்தார். இமை மூடவில்லை.

எதிரே சின்னக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது.

அது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.