விளக்கு எரியாத அழைப்பு

ஏழு மாதமாக நான் நன்றாகத் தூங்குகிறேன். இதை யாரிடமும் சொல்லிவிடக் கூடாது.

மதியக் காட்சிக்கு நாத்தனாரோடு வந்து உட்கார்ந்தபோது அவள் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் மாரடைப்பில் போய் ஏழு மாதம். முகத்தில் தெளிவு தெரிந்துவிடுமோ என்று நாத்தனார் எதிரில் மட்டும் கொஞ்சம் வாடியே இருப்பாள்.

அன்றைக்குப் படம் இல்லை. பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் வானொலி நிகழ்ச்சியை, ஒலிபரப்பாகும்போதே திரையில் காட்டினார்கள். வருஷக்கணக்காகக் காதால் மட்டும் அறிந்திருந்த அறிவிப்பாளருக்கு வழுக்கை என்று தெரிந்ததும் அரங்கில் ஒரே சிரிப்பு.

"குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்ல பாருங்க அண்ணி."

அறிவிப்பாளரின் மேஜையில் ஒரு தொலைபேசிப் பெட்டி இருந்தது. யாராவது அழைத்தால் அதில் சிவப்பு விளக்கு எரியும். அவர் பொத்தானை அழுத்துவார். அழுகை, கெஞ்சல், கடைசியில் கோபித்துக்கொண்டவர் 'வீட்டுக்கு வா' என்பார். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

நான்காவது அழைப்புக்கு விளக்கு எரியவில்லை.

குரல் மட்டும் வந்தது.

முதலில் ஒரு செருமல். அதைக் கேட்டதுமே அவள் தோள்கள் தாமாகக் குறுகின.

"என் பொண்டாட்டி அங்க தியேட்டர்லதான் இருக்கா. வீட்டுக்கு வான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

திரையில், கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த ஒலிப்பொறியாளர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். இணைப்பில் யாருமில்லை. அறிவிப்பாளரின் சிரிப்பு உதட்டிலேயே உறைந்துபோனது. வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அரங்கில் இருந்தவர்களோ திரையை விட்டுவிட்டு அந்த மனைவியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நாத்தனார் கையைத் தூக்கினாள். "இங்க! எங்க அண்ணிதான்!"

"உனக்கென்ன பைத்தியமா? அவர் செத்துட்டாரு."

"தெரியும் அண்ணி." நாத்தனாரின் கண்கள் பளபளத்தன. "எப்படியிருந்தாலும் என் அண்ணன். ஒரு வார்த்தைதானே, சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

தியேட்டர் பணியாளர், அரங்கில் இருப்பவர்கள் பேசுவதற்கென்று வைத்திருந்த மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்.

"சொல்லும்மா, மனுஷன் இவ்வளவு கெஞ்சுறாரு."

"ரொம்பத்தான் பிகு பண்ணுது."

"கல்நெஞ்சுக்காரி."

பிடரியில் சூடாக மூச்சுப் பட்டது. சிகரெட்டும் வியர்வையும் கலந்த வாசம்.

பின்வரிசையில் யாரும் இல்லை.

குரல் இப்போது ஒலிபெருக்கியில் இல்லை. காதோரம் இருந்தது.

"எல்லாரும் பாக்குறாங்கல்ல? மத்ததை வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்."

ஊர் முன்னால் சிரித்த முகமாக அவர் சொல்லும் வாக்கியம் அது. வீட்டுக்கு வந்ததும் ஒருநாளும் அவர் பேசியதில்லை. கைதான் பேசும்.

மைக் பிடித்திருந்த மணிக்கட்டில் ஐந்து விரல்கள் அழுந்தின. குனிந்து பார்த்தாள். ஐந்து இடத்தில் தோல் குழிந்திருந்தது. மேலே கை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வா. இரண்டே சொல். சொல்லிவிட்டால் அரங்கம் கைதட்டும், வலி நிற்கும். இன்று ராத்திரி பக்கத்தில் அவர் படுத்திருப்பார்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"வர வேண்டாம்," என்றாள்.

விரல்கள் விலகவில்லை. எலும்பு வரை இறுகின.

"வர வேண்டாம்," என்று முன்னைவிட மெதுவாக, மறுபடியும் சொன்னாள்.