அரிசியளவு சாட்சி

“ஆ...ஆ...ஆ!”

காலை எட்டு மணி. பெல்ஜியத்தின் கெண்ட் நகரம். கால்வாயோர நாய் ஆஸ்பத்திரியில் கிளம்பிய அலறல், எதிர்க்கடை ரொட்டிக்காரரை வாசலுக்கு இழுத்து வந்தது.

அலறியவள் க்ரீட். ஆஸ்பத்திரி உதவியாளர்.

மேஜையடியில் டாக்டர் யோரிஸ்... நேற்றே செத்திருந்தார். மண்டையருகே தீயணைப்பு உருளை. கையில் தடித்த ஊசி.

இன்ஸ்பெக்டர் லிப்பன்ஸ் வந்தார்.

“கதவு பூட்டியிருந்ததா?”

“இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கும் சார்.”

“சாவி?”

“டாக்டர்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு.”

“நேத்து உங்களுக்குள்ள சண்டையாமே? ரொட்டிக்காரர் சொல்றாரு.”

“லீவு கேட்டேன். தரலை. அதுக்குப் போய்க் கொல்லுவாங்களா?”

“அரை நாள் லீவுக்கே கொன்னவங்களைப் பார்த்திருக்கேன்மா. அது விஷ ஊசியா?”

“நாய்க்கு அடையாள சிப் போடற ஊசி. அரிசியளவு சிப், தோலுக்கடியில போடறது. இப்ப ஊசி காலி.”

“கடைசியா வந்தது யாரு?”

“ரூடி. நாய்க்குட்டி வியாபாரி. நான் அஞ்சுக்கே கிளம்பிட்டேன்.”

போன் போட்டதும் ரூடி வந்தான். வலது கக்கத்தில் குட்டி. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான்.

“தோளுக்கு என்ன?”

“ஃப்ரிட்ஜ் தூக்கினேன். சுளுக்கு. ஆறு மணிக்கு டாக்டர் குட்டிக்கு சிப் போட்டாரு, கை கொடுத்தாரு, போயிட்டேன். இதோ குட்டியோட பாஸ்போர்ட். சிப் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க. செத்தவரா வந்து சிப் போடுவாரு?”

பதினைந்து இலக்க எண். மேஜையில் கிடந்த, ஊசியின் காலி உறையிலும் அதே எண்!

லிப்பன்ஸ் க்ரீட்டுக்கு விலங்கு மாட்டினார்.

“இவர் போறப்ப டாக்டர் உசிரோட இருந்திருக்காரு. மிச்சம் நீதான்.”

“சார்... ஒரே ஒரு தடவை குட்டியை ஸ்கேன் பண்ணிக்கறேன்.”

விலங்கோடு ஸ்கேனரை எடுத்தாள். குட்டியை மேஜையில் விட்டு, முறைப்படி இடது கழுத்தில் ஓட்டினாள்.

சத்தமில்லை.

“சிப் நகரும்மா,” என்றான் ரூடி. “இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தோளைப் பாரு, காலைப் பாரு.”

பார்த்தாள். வால் வரை பார்த்தாள். சத்தமில்லை!

“ஒரே ராத்திரியில எங்கய்யா நகரும்? நெதர்லாந்துக்கா?” என்றாள் க்ரீட்.

“மெஷின் ரிப்பேர்!”

ரூடி குட்டியைப் பிடுங்கி இடது தோளில் சாய்த்துக்கொண்டான். க்ரீட் ஸ்கேனரை மறுபடி நீட்டினாள்...

பீப்!

“பார்த்தீங்களா!” ரூடி இளித்தான்.

“குட்டியைக் கீழ விடுங்க,” என்றாள் க்ரீட்.

விட்டான். ஸ்கேனர் அவன் தோளருகே போனது.

பீப்!

பாஸ்போர்ட்டில் இருந்த அதே பதினைந்து இலக்கம்.

எல்லோரும் ரூடியைப் பார்த்தார்கள். குட்டி மட்டும் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தது.

“நீ உருளையைத் தூக்கினப்ப டாக்டர் ஊசியால குத்தியிருக்காரு,” என்றார் லிப்பன்ஸ்.

“கத்தரினு நினைச்சேன்...” ரூடியின் குரல் இறங்கியது. “எட்டு வாரக் குட்டியைப் பதினஞ்சு வாரம்னு எழுதித் தரச் சொன்னேன். அதுக்குக் கொறஞ்சா வெளிநாட்டுக் குட்டியை இங்க விக்க முடியாது. பல்லைப் பார்த்துட்டு போலீஸுக்கு போனை எடுத்தாரு...”

“ஸ்டிக்கரை ஏன் எடுத்தே?”

“சும்மா கிடந்தது சார். ஒட்டினா குட்டி முன்னூறு யூரோ கூடப் போகும்.”

க்ரீட் மூக்கை உறிஞ்சினாள். “சாகறப்பவும் இடது பக்கமாத்தான் போட்டிருக்காரு. சட்டப்படி.”

விலங்கு கை மாறியது. க்ரீட் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

“என்னம்மா பண்றே?”

“சிப் போட்டா எட்டு நாளைக்குள்ள பதிவு பண்ணணும் சார். உரிமையாளர் பேரு?”

லிப்பன்ஸ் யோசித்தார்.

“சிறைத்துறை.”

“முகவரி மாற வாய்ப்பு இருக்கா?”

“இருபது வருஷத்துக்குக் கிடையாது!”