உட்கார்ந்தே கெட்ட பந்து

இர்மா பந்தை உருட்டிவிட்டாள். அது நொண்டி நொண்டிப் போய்க் கோழிக்கூண்டில் முட்டி நின்றது.

"லாலோ!"

அவள் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடின. தம்பி லாலோ பாதி கடித்த தொர்த்தியா ரொட்டியோடு வந்தான்.

"பந்தைத் தினமும் புரட்டி வைக்கச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ரெண்டு நாள் மறந்துட்டேன்."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும்க்கா."

இடுப்பால் அடித்து ஆடும் மெக்சிகோ ஆட்டமான உலாமாவின் பந்துக்குள் காற்று கிடையாது. முழுக்க ரப்பர், மூன்றரைக் கிலோ. ஒரே பக்கமாக வைத்தால் தன் பாரத்திலேயே அடி தட்டையாகிவிடும். அந்த வீட்டில் லாலோவுக்கு இருந்ததே பந்தைப் புரட்டும் இந்த ஒரு வேலைதான்!

சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பெண்கள் ஆட வருகிறார்கள். இந்த முறை பந்து தர வேண்டியது இர்மாவின் அணி. பந்து சரியில்லை என்றால் வந்தவர்கள் ஆடாமலே திரும்பிவிடுவார்கள். இர்மாவுக்கு இதுதான் முதல் ஆட்டம். இடுப்பால் பந்தை அடித்துப் பழகி, ஆறு மாதமாகக் கன்றிப்போன இடுப்போடு திரிகிறாள். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக எரிச்சல் வந்தது.

அப்பா மரச்சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்."

தட்டினார். சுத்தியல் துள்ளி அவர் நெற்றிக்கே வந்தது. பந்து அப்படியே இருந்தது.

லாலோ ஒரு வாளி ஐஸ் தண்ணீரோடு ஓடி வந்தான். "குளிர வச்சா இறுகிடும்க்கா!"

"குளிர்ந்தா பந்து துள்ளவே துள்ளாதுடா, மண்டு! ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

இர்மா பந்தை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். அடி தட்டை. அதற்கு ஈடாகப் பக்கங்கள் பிதுங்கியிருந்தன. பிதுக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கினாள். தட்டை லேசாக எழும்பியது. கையை எடுத்ததும் பழையபடி ஆனது.

"அடிச்சா கேக்காது. வெயில்ல வச்சு, மெதுவா, ரொம்ப நேரம் அமுக்கணும்" என்றாள். பிறகு தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எத்தனை கிலோடா?"

"இருபத்தெட்டு. எதுக்கு?"

பதினோரு மணிக்கு லாலோ முற்றத்து வெயிலில், பந்தின் பிதுக்கத்தின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"போதுமாக்கா?"

"போதாது."

"இப்போ?"

"வாயை மூடிட்டு உக்காரு. இந்தப் பக்கம் போதும், அந்தப் பக்கம் திரும்பு."

திட்டிக்கொண்டே அப்பாவின் தொப்பியை அவன் தலையில் கவிழ்த்தாள். மிளகாய்த்தூள் தூவிய மாங்காயும் கொடுத்தாள். அரை மணிக்கொருமுறை கயிற்றால் பந்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்தாள். மூன்றரை மணிக்கு இரண்டு அளவும் ஒன்றாக இருந்தன.

வந்த அணியின் தலைவி பந்தைத் திடலில் உருட்டிப் பார்த்தாள். அது கோடு போட்டதுபோல் மறுகோடிக்கு ஓடியது.

"நல்ல பந்து. ஆடலாம்" என்றாள்.

முதல் பந்து இர்மாவை நோக்கித்தான் வந்தது. அவள் இடுப்பை வெட்டி அடித்த அடியில் அது எதிர் அணியின் தலைக்கு மேல் பறந்தது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியது லாலோ.

வீடு திரும்பியதும் அவன் முதல் வேலையாகப் பந்தைப் புரட்டி வைத்தான். பிறகு சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"உக்காந்து சாப்பிடேன்டா" என்றாள் அம்மா.

"வேணாம்மா. இன்னைக்கு உக்காந்தது போதும்."